கொழுத்த மட்டக்குதிரை நொண்டினால்: முதல் மணி நேரத்திலிருந்து முதல் வருடம் வரை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் மட்டக்குதிரை வளர்க்கிறேன். அந்தியூர் குதிரைச் சந்தையில் வாங்கியது, பெயர் செவலை. வாங்கிய இரண்டாம் வருடம், மழை ஓய்ந்து தோப்பெல்லாம் புல் மண்டிக் கிடந்த நேரத்தில், ஒரு காலை அது தண்ணீர்த் தொட்டிக்கு வர மறுத்து நின்றது. கால் மரத்துப் போயிருக்கும், நடந்தால் சரியாகும் என்று தார்ச்சாலையில் அரை மணி நேரம் நடத்தினேன். தோள்பட்டைக்கு எண்ணெய் தேய்த்தேன். பாவம், தெம்பில்லை என்று ஒரு படி கொள்ளு கூடுதலாக வைத்தேன். மூன்றுமே அதன் வலியைக் கூட்டிய காரியங்கள்.

அதன் பிறகு, ஆசைக்காகக் குதிரை வாங்கிய ஏழெட்டுப் பேர் இதே நிலைமையில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லோரும் இடறுவது அதே இரண்டு மூன்று இடங்களில்தான். எதை முதலில் செய்கிறோம், எதை அப்புறம் செய்கிறோம் என்பதில்தான் குதிரையின் கால் பிழைக்கிறது. அதனால் வரிசையாகவே எழுதுகிறேன்.

1. நொண்டுவதற்கு முன்பே வீட்டில் இருக்க வேண்டியவை

தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடா, தொங்கு தராசு, தெர்மாமீட்டர், குளம்பு சுத்தம் செய்யும் கொக்கி, சிறு கண் உள்ள தீவன வலை. குழந்தைகள் விளையாட விரிக்கும் தடித்த ஃபோம் பாய் இரண்டு, அகலமான ஒட்டுநாடா ஒரு சுருள். இவ்வளவுதான்.

குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் ஒருவரின் எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள். நம் ஊரில் ஆடு மாடு பார்க்கும் மருத்துவர்கள் அதிகம், குதிரை பார்த்தவர்கள் குறைவு. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. உங்களுக்குப் பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி எது, அங்கே எந்த நாளில் குதிரை பார்ப்பார்கள் என்பதையும் விசாரித்து வையுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, உடுமலைப்பேட்டை என்று பல இடங்களில் கல்லூரி இருக்கிறது.

இன்னொன்று, குதிரை நன்றாக இருக்கும் நாளிலேயே அதன் கணக்கு உங்களுக்குத் தெரிய வேண்டும். ஓய்வில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். இந்த எல்லைக்குள் உங்கள் குதிரை எங்கே நிற்கிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொண்டால், மாறும்போது உடனே தெரியும்.

2. நின்ற இடத்தில் நிறுத்துங்கள்

நொண்டலைப் பார்த்ததும் பக்கத்து வீட்டார் முதலில் சொல்வது, ‘கொஞ்சம் நடத்திப் பாருங்க’ என்பதுதான். நடத்தாதீர்கள்.

கொழுத்த மட்டக்குதிரை இரண்டு முன்காலும் வலித்து நின்றால், வேறு காரணம் என்று உறுதியாகும்வரை அதை லேமினைடிஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். குளம்புக்குள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. அதைக் குளம்புச் சுவரோடு பிடித்து நிறுத்துவது, இலை இலையாக அடுக்கிய மெல்லிய சவ்வுகள். குதிரையின் பாரம் முழுக்க அந்தப் பிடிப்பில்தான் தொங்குகிறது. லேமினைடிஸில் அந்தச் சவ்வு வீங்கித் தளர்கிறது. தளர்ந்த பிடிப்பின் மேல் நடக்க வைத்தால், ஒவ்வோர் அடியிலும் சவ்வு கிழிகிறது. எலும்பு சாய்கிறது, இன்னும் மோசமானால் கீழே இறங்கி அடிக்குளம்பைத் துளைக்கிறது.

அரை மணி நேர நடை எத்தனை மாதத்தைத் தின்னும் என்று அன்று எனக்குத் தெரியாது. வெயிலில் நின்றால் நிழலுக்கு, கல் தரையில் நின்றால் மண் தரைக்கு, அவ்வளவு தூரம் மட்டும் நகர்த்துங்கள். அதுவும் நேர்கோட்டில். சிறு வட்டமாகத் திருப்பினால் வலி அதிகம்.

3. ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள்

மருத்துவரிடம் ‘நொண்டுது சார்’ என்று மட்டும் சொன்னால் அவர் நாளை வருவார். பார்த்ததைச் சரியாகச் சொன்னால் இன்றே வருவார். பார்க்க வேண்டியவை இவை.

நிற்கும் விதம்: முன்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, பாரத்தைப் பின்காலில் போட்டு, பின்னுக்குச் சாய்ந்தாற்போல் நிற்கிறதா? ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி வைக்கிறதா? படுத்தே கிடக்கிறதா?

ஒரு காலா, இரண்டு காலா: ஒரே ஒரு காலைத் தரையிலேயே ஊன்றாமல் தூக்கி வைத்தால், குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம், ஆணி ஏறியிருக்கலாம். அடிக்குளம்பைக் கொக்கியால் சுத்தம் செய்து பாருங்கள். ஆணி குத்தியிருந்தால், அது மேலும் உள்ளே ஏறும் ஆபத்து இல்லாதவரை, பிடுங்காமல் மருத்துவருக்காகக் காத்திருங்கள். ஆணி எந்தப் பக்கமாக, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும், ஆகவே தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

காலில் துடிப்பு: புதியவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். முழங்காலுக்கு அடுத்துக் கீழே இருக்கும் கணுக்கால் மூட்டுக்குப் போங்கள். அதன் பின்பக்கம், வெளி ஓரத்தில் இரண்டு விரலை லேசாக வையுங்கள். தோலுக்கடியில் சணல் கயிறு மாதிரி ஒன்று உருளும். அதன்மேல் விரலை நிறுத்தி, அழுத்தாமல், பத்து நொடி பொறுங்கள். நல்ல காலில் துடிப்பு இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். அன்று மருத்துவர் என் விரலைப் பிடித்துச் செவலையின் காலில் வைத்தபோது, டொக் டொக் என்று விரலை மேலே தள்ளியது. இரண்டு முன்காலிலும். ஒருமுறை தொட்டால் போதும், அந்த வேறுபாடு மறக்காது. இன்றே நல்ல குதிரையிடம் தொட்டுப் பழகுங்கள்.

குளம்பு சுடுகிறதா என்று தொட்டுப் பார்ப்பதும் உதவும். ஆனால் நம் வெயிலில் எல்லாக் குளம்பும் சுடும், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

4. மருத்துவரைக் கூப்பிடுங்கள், இந்த வரிசையில் சொல்லுங்கள்

எந்தக் கால், எப்போதிலிருந்து, எப்படி நிற்கிறது, துடிப்பு எப்படி, வெப்பம் எவ்வளவு. கடந்த மூன்று நாளில் தீனியில் என்ன மாறியது. குட்டி போட்டதா, நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததா. சமீபத்தில் ஏதாவது ஊசி போட்டதா.

சொல்ல வெட்கப்பட்டு ஒருவர் என்னிடம் மறைத்த விஷயம் ஒன்று உண்டு: இரவில் குதிரை கட்டவிழ்ந்து போய் மக்காச்சோள மூட்டையைக் கிழித்துத் தின்றிருந்தது. காலையில் நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிட்டார். தானியத்தை அள்ளித் தின்ற குதிரைக்கு நொண்டல் உடனே வராது, ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்து வரும். அந்த இடைவெளிதான் மருத்துவருக்குக் கிடைக்கும் பொன்னான நேரம். மூட்டை கிழிந்திருந்தால், குதிரை நொண்டும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.

குதிரையைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகலாமா என்று கேட்பார்கள். மருத்துவர் வர வழியிருந்தால் அவர் வருவதே நல்லது. ஓடும் வண்டியில் வலிக்கும் காலோடு சமநிலை பிடித்து நிற்பது, நடப்பதைவிட மோசமான வேலை. போயே ஆக வேண்டுமென்றால் அவர் சொன்ன பிறகு, வண்டித் தளத்தில் மணலைத் தடிப்பாகப் பரப்பி ஏற்றுங்கள்.

5. தீனியை நிறுத்த வேண்டியதை நிறுத்துங்கள், பட்டினி மட்டும் போடாதீர்கள்

கொள்ளு, மக்காச்சோளம், கம்பு, கோதுமைத் தவிடு, வெல்லம், கருப்பட்டி, வாழைப்பழம், பச்சைப் புல். இந்த நிமிடத்திலிருந்து எதுவும் கிடையாது. கோயில் பிரசாதமும்தான்.

கொழுத்த மட்டக்குதிரைக்குப் பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. மாவும் சர்க்கரையும் உள்ளே போனால், இன்சுலின் பல மடங்கு ஏறுகிறது. அந்த அதிக இன்சுலினே குளம்புச் சவ்வைத் தளர்த்துகிறது. 2007இல் ஆஸ்திரேலியாவில் நோயே இல்லாத மட்டக்குதிரைகளுக்கு இன்சுலினை விடாமல் ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று நாளுக்குள் லேமினைடிஸ் வந்துவிட்டது. ஆக, குளம்பில் தெரியும் இந்த நோய் தீவனத் தொட்டியில் தொடங்குகிறது.

இதைக் கேட்டதும் பயந்து சிலர் எல்லாத் தீனியையும் நிறுத்திவிடுகிறார்கள். இது அடுத்த பெரிய தவறு. கொழுத்த மட்டக்குதிரையும் கழுதையும் பட்டினி கிடந்தால், சேர்த்து வைத்த கொழுப்பு மொத்தமாக இரத்தத்தில் இறங்கும், ஈரல் தாங்காது. சோர்ந்து, தின்ன மறுத்து, சில நாளில் செத்துப்போகவும் கூடும். காய்ந்த புல் எப்போதும் போய்க்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். எவ்வளவு என்பதை 9ஆம் பகுதியில் கணக்குப் போடுகிறேன்.

6. காலுக்குக் கீழே மெத்தை

மருத்துவர் வருவதற்குள் செய்யக்கூடியதில் குதிரைக்கு உடனே நிம்மதி தருவது இதுதான்.

லாயத்தில் முழுத் தரைக்கும் முக்கால் அடி உயரம் மணல் பரப்புங்கள். மணல் குளம்பின் வடிவத்துக்கு ஏற்ப உள்ளே அமுங்கிக் கொடுக்கும். பாரம் குளம்பின் நுனியை விட்டு அடிப்பாதம் முழுக்கப் பரவும். குதிரை தனக்கு வசதியான சாய்வில் காலைப் புதைத்துக்கொள்வதை நீங்களே பார்ப்பீர்கள். மணல் கிடைக்காவிட்டால் உலர்ந்த மரத்தூள், அதே தடிப்பில். மூலைவரை போட வேண்டும். நடுவில் மட்டும் போட்டால், தண்ணீர் குடிக்கக் காங்கிரீட்டில்தான் வந்து நிற்கும்.

மணல் போட்டால் தீனியைத் தரையில் வைக்காதீர்கள். புல்லோடு மணலும் வயிற்றுக்குள் போய் வயிற்றுவலி வரும். வலையில் கட்டுங்கள், வலைக்குக் கீழே ஒரு பாயை விரியுங்கள்.

மணல் வந்து சேரும்வரை ஃபோம் பாயைக் குளம்பு அளவுக்கு வெட்டி, இரண்டு மடிப்பாக வைத்து ஒட்டுநாடாவால் சுற்றிக் கட்டுங்கள். குளம்புக்கு மேல் முடி தொடங்கும் இடத்தில் நாடா ஏறக் கூடாது, இரத்த ஓட்டத்தை இறுக்கும். லாடம் இருந்தால் நீங்களாகப் பிடுங்க வேண்டாம். பிடுங்கும் இழுப்பே சவ்வைக் கிழிக்கலாம்.

பனிக்கட்டி பற்றி ஒரு வார்த்தை. தொடக்கத்திலேயே, குறிப்பாகத் தானியம் தின்ற விஷயத்தில், குளம்பையும் முழங்காலுக்குக் கீழ் உள்ள பகுதியையும் பனிக்கட்டித் தண்ணீரில் வைப்பது சவ்வைக் காப்பாற்றும். ஆனால் இரண்டு மூன்று நாள் இரவும் பகலும் விடாமல் வைக்க வேண்டும். காலையில் பத்து நிமிடம் குழாய்த் தண்ணீர் அடிப்பது அதற்கு ஈடாகாது. ஆள் பலமும் ஐஸ் கட்டியும் இருந்தால், மருத்துவரிடம் கேட்டு இறங்குங்கள்.

7. மருந்து: எதைச் செய்யக் கூடாது

வலி மருந்தை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை கொடுங்கள். குதிரைக்கு வழக்கமாகக் கொடுக்கும் வலி மருந்தான ஃபினைல்பூட்டசோனில், மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. இரண்டு வேளை மறந்துவிட்டோமே என்று சேர்த்துக் கொடுத்தால், குடலில் புண் வரும், சிறுநீரகம் கெடும். கொடுக்கும் அளவை எடைக்கு ஏற்பத்தான் கணக்கிடுவார்கள். அதனால்தான் அளவு நாடாவை முதல் பகுதியிலேயே கேட்டேன்.

வீட்டில் இருக்கும் மனித மாத்திரை வேண்டாம். டைக்ளோஃபெனாக் கால்நடைக்குக் கொடுப்பது இந்தியாவில் 2006 முதல் தடை. இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் வந்த தடை அது. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகள் நம் பக்கத்துச் சொத்து. கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபெனாக்கையும் 2023இல் அதே காரணத்துக்காகத் தடை செய்தார்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் நொண்டல் சட்டென்று குறையும் என்று யாராவது சொன்னால், ‘இது லேமினைடிஸாக இருக்குமோ என்று சந்தேகப்படுகிறேன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை, இன்சுலின் கோளாறு உள்ள குதிரைக்கு ஸ்டீராய்டே லேமினைடிஸைக் கிளப்பக்கூடும்.

வலி மருந்து வேலை செய்ததும் குதிரை நடக்க ஆரம்பிக்கும். ஆறிவிட்டது என்று அவிழ்த்துவிடாதீர்கள். வலிதான் அடங்கியிருக்கிறது, சவ்வு இன்னும் ஒட்டவில்லை.

8. எக்ஸ்ரே முதலில், குளம்பு வெட்டு அப்புறம்

நம் லாடக்காரர்கள் கைத்திறன் உள்ளவர்கள். ஆனால் அவர்கள் கையில் கத்தியைக் கொடுக்கும் முன், உள்ளே எலும்பு எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு சாய்ந்திருக்கிறது, அதற்குக் கீழே அடிக்குளம்பு எவ்வளவு தடிப்பு என்பது தெரியும். நல்ல குளம்பில் அந்தத் தடிப்பு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர். அது 5, 6 என்று மெலிந்திருக்கும் குதிரையின் அடியை அழகுக்காகச் சீவினால், எலும்பு கத்திக்கு மிக அருகில்.

படத்தை மருத்துவரும் லாடக்காரரும் ஒரே நேரத்தில் சேர்ந்து பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். எனக்கு இதற்கு மூன்று வாரம் அலைச்சல் ஆனது. அலைந்தது வீண்போகவில்லை. பொதுவாக நடப்பது இது: நீண்டு போன நுனியைப் பின்னுக்குக் குறைப்பார்கள், குதிகாலைச் சமப்படுத்துவார்கள், அடியைத் தொட மாட்டார்கள். பிறகு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை. ‘மூணு மாசம் ஆகட்டும்’ என்று தள்ளினால் நீளும் நுனி நெம்புகோல் மாதிரி சவ்வைப் பிரிக்கும்.

9. எடை: உண்மையான வைத்தியம்

நாடாவை எடுங்கள். முன்காலுக்குப் பின்னால், நெஞ்சைச் சுற்றி ஓர் அளவு. தோள் முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனைவரை ஓர் அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால், கிலோ.

செவலைக்கு அன்று சுற்றளவு 150, நீளம் 125. 150 × 150 × 125 ÷ 11,880 = சுமார் 237 கிலோ. மருத்துவர் பார்த்துவிட்டு 200க்குள் வர வேண்டும் என்றார். நானோ அதுவரை ‘நல்லா புஷ்டியா இருக்கு’ என்று கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

எண் ஒரு பக்கம் இருக்கட்டும், கையால் தடவிப் பாருங்கள். விலா எலும்பு லேசாகத் தொட்டாலே தட்டுப்பட வேண்டும். பிடரி மயிர் முளைக்கும் மேட்டைப் பிடித்து ஆட்டுங்கள். கெட்டியாக, ஆடாமல், ஒரு பக்கம் சாய்கிறாற்போல் இருந்தால், அது உடம்பில் இன்சுலின் கெட்டுப்போனதன் அடையாளமாக இருக்கலாம். வாலடியில் மெத்தென்று கொழுப்பு இருந்தாலும் அப்படியே.

இப்போது அளவு. ஒரு நாளுக்கு உடல் எடையில் 1.5 சதவீதம் உலர் தீனி. 237 கிலோவுக்கு ஏறத்தாழ மூன்றரை கிலோ உலர் பொருள். காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால், தராசில் 4 கிலோ நிறுத்துப் போடுங்கள். கண்ணளவு எப்போதும் ஏமாற்றும். ‘ரெண்டு கட்டு’ என்று நான் போட்டதை நிறுத்தபோது ஏழு கிலோவுக்கு மேல் இருந்தது. நாலைந்து தவணையாகப் பிரித்து, சிறு கண் வலையில் வைத்து, கடைசித் தவணையைத் தூங்கப் போகும் முன் கட்டுங்கள். எடை இறங்கவே இல்லையென்றால் மருத்துவர் இன்னும் குறைக்கச் சொல்லலாம். நீங்களாக ஒரு சதவீதத்துக்கு அருகில் போகாதீர்கள்.

எந்தப் புல்? முற்றிக் காய்ந்த நாட்டுப்புல் நல்லது. அதைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்து போட்டால், சர்க்கரை ஓரளவு கரைந்து போகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், குதிரை குடிக்கக் கூடாது. குளிர்நாட்டில் இரவு முழுக்க ஊறவைப்பார்கள். நம் வெக்கையில் அது புளித்துவிடும்.

வைக்கோல் சர்க்கரை குறைவு என்பது உண்மை, ஆனால் வைக்கோலே முழுத் தீனியானால் குடலில் அடைத்துக்கொள்ளும். நான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. குதிரைமசால் என்று பெயரிலேயே குதிரை இருப்பதால், அது தாராளமாகப் போடலாம் என்று நினைக்கிறார்கள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள நல்ல தீனிதான். ஆனால் சத்து செறிந்தது, கொழுத்த குதிரைக்குக் கைப்பிடி அளவே போதும். மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியரில் ஆக்சலேட் இருக்கிறது, அது சுண்ணாம்பைக் கட்டிவிடும். தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம். இரண்டையும் மாதக்கணக்கில் சேர்த்துக் கொடுத்தால், எலும்பிலிருந்து சுண்ணாம்பு கரைந்து தாடை வீங்கும், அதுவும் நொண்டலில்தான் போய் முடியும். தாது உப்புக் கலவை எது, எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே ஆள் அளக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம் குறைந்தால் சரியான வேகம். 237 கிலோவில் அது ஒன்றேகால் கிலோவிலிருந்து இரண்டரை கிலோ. நாலு மாதத்திலிருந்து எட்டு மாத வேலை என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோரிடமும், தேங்காய் போட வரும் ஆட்களிடமும் சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் எடை இறங்காமல் நின்ற ஒரு மாதத்துக்குக் காரணம், அம்மா தினமும் சாயங்காலம் கொடுத்த ஒரு வெல்லக்கட்டி.

குதிரைக்கு 15 வயதுக்கு மேல் ஆகி, முடி நீளமாக உதிராமல் நின்றால், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி கெடுவதால் வரும் குஷிங் நோய்க்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த நோய் இருந்தால் தீனிக் கட்டுப்பாடு மட்டும் போதாது.

10. மறுபடி நடையும் புல்லும்

வலி மருந்து நிறுத்தி, அது இல்லாமலே குதிரை நேராகவும் திரும்பியும் தயக்கமின்றி நடந்து, மருத்துவரும் படம் பார்த்துச் சரி என்ற பிறகே நடை. மெத்தென்ற மண்ணில், கையில் பிடித்து, ஐந்து நிமிடம். மறுநாள் காலை காலில் துடிப்பு பார்த்துவிட்டு அடுத்த ஐந்து நிமிடம். குழந்தைகளை ஏற்றுவது கடைசி.

பச்சைப் புல்லுக்கு அவசரமே வேண்டாம். எடை இறங்கிய பிறகு, விடிகாலையில் கொஞ்ச நேரம், வாய்க்கூடை மாட்டி விடுங்கள். வெயில் ஏற ஏறப் புல்லில் சர்க்கரை சேரும், சாயங்காலப் புல்தான் அதிக இனிப்பு. மழை பெய்து திடீரென்று துளிர்க்கும் வாரங்களில் செவலை இன்றும் லாயத்தில்தான்.

நோய் வந்த நேரத்தில் குளம்பின் மேல் ஓரத்தில் ஒரு வளையம் விழும். குளம்பு வளர வளர அது கீழே இறங்கும். நுனிவரை வந்து சேர ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும். அதுவரை அந்தக் குளம்பு பாதி பழையது, பாதி புதியது. செவலையின் வளையம் பதினோராவது மாதம் லாடக்காரரின் அரத்தில் தேய்ந்து போனது. இன்றும் இரவு கடைசித் தவணைப் புல்லைக் கட்டியதும் இரண்டு முன்காலிலும் விரல் வைத்துப் பார்க்கிறேன், அரை நிமிடம் ஆகிறது. துடிப்பு சற்றே தூக்கலாக இருந்தால் மறுநாள் விடிகாலை மேய்ச்சல் கிடையாது, மருத்துவருக்கு ஒரு போன் உண்டு.